குடல் புற்றுநோய்ப் பதிவேட்டை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: வட ஐரோப்பாவில் நடந்த பெரிய ஆய்வில், கொலனோஸ்கோபிக்கு (கேமரா குழாயால் பெருங்குடலுக்குள் பார்க்கும் பரிசோதனை) அழைக்கப்பட்டவர்களிடம் குடல் புற்றுநோய் 18 சதவீதம்தான் குறைந்தது என்று படித்தேன். பத்து ஆண்டுக் கணக்கையும் புற்றுநோயாளிகளைப் பதிந்துவரும் அரசுப் பதிவேட்டிலிருந்தே எடுத்தார்களாம். அந்தப் பதிவேட்டிலேயே ஓட்டை இருந்தால் முடிவு என்னாவது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: நீங்கள் குறிப்பிடுவது 2022 அக்டோபரில் வெளியான நார்டிக் ஆய்வு. போலந்து, நார்வே, சுவீடன் நாடுகளில் 55 முதல் 64 வயது வரையுள்ள 84,585 பேரின் கணக்கு அது. பெயர்களை மக்கள்தொகைப் பதிவேட்டிலிருந்தே எடுத்து, குலுக்கல் முறையில் 28,220 பேருக்கு அழைப்பு அனுப்பினார்கள். மற்ற 56,365 பேரை யாரும் அணுகவில்லை. பத்து ஆண்டுகளில் அழைக்கப்பட்டவர்களில் 0.98 சதவீதம் பேருக்கும், மற்றவர்களில் 1.20 சதவீதம் பேருக்கும் நோய் வந்தது.

ஓட்டை இருந்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு பேச்சுக்கு, இரண்டு பக்கமும் பத்தில் ஒரு நோயாளி பதிவேட்டில் விடுபட்டுப் போனார் என்று வையுங்கள். உண்மையான எண்கள் 1.09, 1.33 ஆகும். விகிதம் பார்த்தால் அதே 18 சதவீதம்தான். மாறுவது வேறொன்று: ஒரு புற்றுநோயைத் தடுக்க 455 பேரை அழைக்க வேண்டும் என்ற கணக்கு சுமார் 410 ஆக இறங்கும். ஆக, இரு பக்கமும் சமமாக விடுபட்டால் விகிதத்துக்குப் பழுதில்லை.

ஒரு பக்கம் மட்டும் விடுபடுவதுதான் ஆபத்து. பரிசோதனைக்கு வந்தவர்களின் புற்றுநோயெல்லாம் ஒழுங்காகப் பதிவாகி, அழைக்கப்படாதவர்களில் மட்டும் பத்தில் ஒன்று விட்டுப்போனால், உண்மையான பலன் 26 சதவீதமாக இருந்தும் நமக்கு 18தான் தெரியும். இன்னொரு வகைப் பிழையும் உண்டு, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை: நோயே இல்லாதவரை நோயாளி என்று பதிவது. புற்றாக மாறாத பாலிப்பை (குடல் சுவரில் வளரும் சிறு கட்டி) புற்றுநோய் என்று குறித்துவிட்டால், அது இரு பக்கமும் சமமாக நடந்தாலும் விகிதத்தில் தெரியும் பலனை மழுங்கடிக்கும்.

இந்த ஆய்வில் அப்படி ஒருதலைப்பட்சமாக நடந்திருக்க வாய்ப்பு குறைவு என்பது என் கணிப்பு. நார்வேயில் 1950-களின் தொடக்கத்திலிருந்தே புற்றுநோயைத் தெரிவிப்பது சட்டப்படி கட்டாயம். மருத்துவர், திசுக்களைச் சோதிக்கும் பெத்தாலஜி ஆய்வகம், இறப்புப் பதிவேடு என மூன்று வழியாகவும் தகவல் வருகிறது. சுவீடனில் மருத்துவரும் பெத்தாலஜிஸ்டும் தனித்தனியே தெரிவிக்க வேண்டும். மூன்று நாடுகளிலுமே பிறப்பிலிருந்து இறப்பு வரை மாறாத தனிநபர் எண் இருக்கிறது. ஆளை அடையாளம் காண்பதில் குழப்பம் வராது.

பலன் 18 சதவீதம் மட்டுமே என்று தெரிவதற்குக் காரணம் பதிவேடல்ல. அழைக்கப்பட்டவர்களில் கொலனோஸ்கோபிக்கு வந்தவர்கள் 42 சதவீதம்தான். எல்லோரும் வந்திருந்தால் என்று சரிக்கட்டிய கணக்கில், குறைவு 31 சதவீதமாகிறது. நெதர்லாந்தும் இந்த ஆய்வில் சேர்ந்திருந்தது. ஆனால் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தால் அங்குள்ளவர்களின் பிற்காலத் தகவலைப் பெற முடியவில்லை. பதிவேட்டை நம்பி நடக்கும் ஆய்வுக்கு இப்படியும் ஒரு இடர் உண்டு.

கேள்வி: ஒரு பதிவேடு முழுமையானதா என்று வெளியிலிருந்து எப்படிச் சோதிப்பது?
– பொதுச் சுகாதார மாணவி, மதுரை

பதில்: மூன்று எண்களைத் தேடுங்கள். முதலாவது, இறப்புச் சான்றிதழ் மட்டுமே ஆதாரமாக உள்ளவர்களின் சதவீதம். ஒருவரின் சான்றிதழில் குடல் புற்றுநோய் என்று இருக்கிறது, ஆனால் பதிவேட்டில் அவர் பெயரே இல்லை என்றால், ஊழியர்கள் சிகிச்சை பெற்ற மருத்துவமனையைத் தேடிப் போவார்கள். கேஸ் ஷீட் கிடைத்தால் நோய் கண்ட தேதியைச் சரியாகப் பதிவார்கள். கிடைக்காவிட்டால் இறந்த தேதியையே நோய் கண்ட தேதியாகப் போடுவதைத் தவிர வழியில்லை. இந்தச் சதவீதம் அதிகம் என்றால், உயிரோடிருக்கும் நோயாளிகளும் நிறையப் பேர் விடுபட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

இரண்டாவது, பயாப்ஸியால் உறுதியானவர்களின் சதவீதம். இது நூறை நெருங்கினால் மகிழ்ந்துவிட வேண்டாம். ஸ்கேனோடு நின்றுபோன முதியவர்களை அந்தப் பதிவேடு பிடிக்கவில்லை, ஆய்வகங்களை மட்டுமே நம்பியிருக்கிறது என்ற சந்தேகம் வர வேண்டும். மூன்றாவது, அதே ஆண்டின் இறப்பு எண்ணிக்கைக்கும் புதிய நோயாளி எண்ணிக்கைக்கும் உள்ள விகிதம். சிகிச்சைத் தரம் ஒத்த பக்கத்துப் பகுதியைவிட இது மிகுதியாக இருந்தால், புதிய நோயாளிகள் தப்பிப் போகிறார்கள்.

நார்வே பதிவேட்டின் தரத்தை ஆராய்ந்தபோது, 2001–2005 காலத்துக்கு 98.8 சதவீதம் முழுமை என்று தெரிந்தது. சென்னைக்கும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 1982 முதல் பதிவேடு நடக்கிறது. அங்கே மருத்துவமனைகள் தாமாக அனுப்பும் வரை காத்திராமல், ஊழியர்களே மருத்துவமனைகளுக்கும் ஆய்வகங்களுக்கும் போய் எடுக்கிறார்கள். இறப்புப் பதிவுகளோடும் ஒப்பிடுகிறார்கள்.

கேள்வி: நோய் எண்ணிக்கையைவிட, ‘குடல் புற்றுநோயால் இறந்தவர்’ என்ற எண்ணிக்கை நம்பத்தக்கதுதானே? இறப்பில் என்ன சந்தேகம்?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: இறந்தார் என்பதில் சந்தேகமில்லை. எதனால் என்பதில்தான் சிக்கல். பெருங்குடலுக்கு சி18, மலக்குடலுக்கு சி20 என்று சர்வதேச நோய்க் குறியீடுகள் உண்டு. சான்றிதழ் எழுதும் மருத்துவர் மலக்குடல் புற்றையும் ‘பெருங்குடல் புற்று’ என்று எழுதிவிடுவது பல நாடுகளில் பழகிப்போன பிழை. வெறுமனே ‘குடல் புற்று’ என்று எழுதினால் அது சி26.0 என்ற பொதுக் குறியீட்டுக்குப் போய், இரண்டு கணக்கிலும் சேராது. எனவே இறப்பைப் பொறுத்தவரை பெருங்குடல், மலக்குடல், சி26.0 மூன்றையும் சேர்த்துத் தரும் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

நார்டிக் ஆய்வில் இறப்பு 0.28, 0.31 சதவீதம். புள்ளியியல்படி வித்தியாசம் உறுதியாகவில்லை. இவ்வளவு சிறிய எண்களில் சில சான்றிதழ்கள் இடம் மாறினாலே விடை அசையும். நோய் எண்ணிக்கைக்கு அந்தப் பலவீனம் இவ்வளவு இல்லை.

கேள்வி: இளைஞர்களிடம் குடல் புற்றுநோய் கூடுகிறது என்பது பதிவேட்டு மாயையா?
– வாசகி, ஈரோடு

பதில்: மாயை இல்லை, ஆனால் ஒரு பகுதியைக் கழிக்க வேண்டும். குடல்வாலும் சி18 குடும்பத்தில்தான் வருகிறது. அங்கே வரும் கார்சினாய்டு எனும், பெரும்பாலும் மெதுவாக வளரும் கட்டிகளை முன்பு ‘எல்லைக்கோட்டு’ வகையாக வைத்திருந்தார்கள். பிறகு விதி மாறி, புற்றுநோயாகவே பதியத் தொடங்கினார்கள். குடல்வால் அறுவையில் தற்செயலாகக் கிடைக்கும் இந்தக் கட்டிகள் இளவயதினரிடம் அதிகம். வழக்கமான குடல் புற்று வகையான அடினோகார்சினோமாவை மட்டும் தனியே பிரித்த வரைபடத்தைப் பாருங்கள். அதிலும் உயர்வு இருக்கிறது.

கேள்வி: எனக்கு இரண்டு பாலிப் அகற்றினார்கள். அது பதிவேட்டில் இருக்குமா? அடுத்த முறை வேறு மருத்துவரிடம் போனால் அவர் பார்க்க முடியுமா?
– வாசகர், கோவை

பதில்: இருக்காது. புற்றுநோய்ப் பதிவேடு புற்றுநோயை மட்டுமே பதிகிறது. சாதாரண பாலிப்பும், கொலனோஸ்கோபி நடந்ததும் அதில் ஏறாது. ஸ்கிரீனிங் பற்றிய ஆராய்ச்சிக்கு இதுதான் பெரிய குறை. பரிசோதனை செய்தும் தவறிய புற்று எத்தனை என்று கண்டுபிடிக்க, கொலனோஸ்கோபிப் பட்டியலைப் புற்றுநோய்ப் பதிவேட்டோடு இணைத்து, பரிசோதனைக்குப் பின் 6 முதல் 36 மாதத்துக்குள் நோய் கண்டவர்களைத் தேட வேண்டும். இங்கிலாந்தில் அப்படி இணைத்துப் பார்த்தார்கள்: 2005-ல் 9 சதவீதமாக இருந்த தவறல் 2013-ல் 6.5 ஆகக் குறைந்திருந்தது. பட்டியலில் ஏறாத கொலனோஸ்கோபியின் தவறல் இந்தக் கணக்கில் வரவே வராது.

ஆகவே உங்கள் பதிவேட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டில் ஐந்து விவரங்கள் இருக்கின்றனவா என்று டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே பாருங்கள்: பெருங்குடலின் தொடக்கமான சீக்கம் வரை கருவி போனதா, குடல் சுத்தம் எப்படி இருந்தது, பாலிப் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை மில்லிமீட்டர், முழுதாக எடுக்கப்பட்டதா. குடல் சுத்தத்துக்குப் பாஸ்டன் அளவுகோல் என்ற மதிப்பெண் உண்டு. குடலின் மூன்று பகுதிகளுக்கும் தலா 0 முதல் 3 வரை. எந்தப் பகுதியாவது 2-க்குக் கீழே என்றால், அங்கே சிறிய பாலிப் கண்ணில் படாமல் போயிருக்கலாம். பயாப்ஸி ரிப்போர்ட் சில நாள் கழித்துத் தனியாக வரும். பலரும் அதை வாங்காமலே விட்டுவிடுகிறார்கள். அடுத்த கொலனோஸ்கோபி எப்போது என்று முடிவாவது பெரும்பாலும் அந்தத் தாளை வைத்துத்தான்.