சார்லஸ் மெக்கேயின் கவிதைகள்: எங்கிருந்து தொடங்குவது?

வணக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவிஞரும் பத்திரிகையாளருமான சார்லஸ் மெக்கேயைப் பற்றிக் கட்டுரை எழுத முனைந்தபோது, ஹாலந்தில் துலிப் மலருக்கு மக்கள் வெறிகொண்டு விலையேற்றிய மோகத்தைச் சொல்லும் அவரது 1841-ஆம் ஆண்டு நூலைத் தவிர வேறெதுவும் அகப்படவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்நூலைச் சற்றே ஒதுக்கிவிட்டு, 1846-இல் நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் தொடங்கிய ‘டெய்லி நியூஸ்’ நாளிதழுக்குச் செல்லுங்கள். ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில் 1814-இல் பிறந்த மெக்கே அதில் எழுதிய கவிதைகளே ‘வாய்சஸ் ஃப்ரம் த கிரவுட்’ (கூட்டத்திலிருந்து எழும் குரல்கள்) என்று தொகுக்கப்பட்டன. வாளின் இடத்தைப் பேனா பிடிக்கும், வலிமை அல்ல, நியாயமே ஆளும், இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று எளிய மக்களிடம் பேசும் அவரது பாடலை வாய்விட்டுப் படித்தால், அது மேடையில் பாடுவதற்கு எவ்வளவு ஏற்றது என்பது விளங்கும். என் பார்வையில் அவருடைய உயிர்நாடி அதுதான்.

ஆனால் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, லண்டன் ‘த டைம்ஸ்’ இதழின் நியூயார்க் செய்தியாளராக, அடிமை முறையைக் காத்துநின்ற தென் மாநிலங்களின் பக்கம் அவர் சாய்ந்து எழுதியதையும் தயவுசெய்து மழுப்பாமல் கட்டுரையில் சேருங்கள்.