கடற்காற்றைத் தாங்கும் நம்மூர்ப் பூங்கொடிகள்: கொழும்பு வாசிகளின் கேள்விகளுக்குப் பதில்

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த தொடர்மாடி, நாலாம் மாடி பல்கனி. எந்தக் கொடி வைத்தாலும் வைகாசியோடு கருகிப் போகுது அக்கா. நான் என்ன பிழை விடுறன்?

பிழை உங்களில் இல்லை தங்கச்சி, காற்றில்தான். மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று உப்பை அள்ளிக்கொண்டு நேரே உங்கள் பல்கனிக்குத்தான் வருகிறது. கருகல் இலை நுனியில் தொடங்கி ஓரத்தால் இறங்குகிறதா? அது உப்பு. அடியிலைகள் முழுதாக மஞ்சளாகி உதிர்ந்தால், பெரும்பாலும் சாடியில் தண்ணீர் வடியவில்லை. இரண்டையும் போட்டுக் குழப்பி, உப்பில் எரிந்த செடிக்கு இன்னும் தண்ணீர் ஊற்றிச் சாகடிப்பவர்கள்தான் அதிகம்.

காற்றோடு மல்லுக்கட்டாதீர்கள். நீலச் சங்குப்பூவை வருடாந்தக் கொடியாக வளருங்கள். விதையை ஓரிரவு ஊறவைத்து, ஒக்டோபர் மழை தொடங்க ஊன்றுங்கள். இரண்டு மாதத்துக்குள் பூக்கத் தொடங்கும். வேர் ஆழமாகப் போகும், ஆகையால் சாடி ஓரடியாவது ஆழம் வேண்டும். மணல், கூட்டெரு, கொஞ்சம் தும்புத்தூள் போதும். அவரைக் குடும்பம் என்பதால் உரம் பெரிதாகக் கேட்காது. ஏப்ரலில் காய்ந்த நெற்றுகளை எடுத்து வைத்துவிட்டால், பிறகு காற்று கொடியை எரித்தாலும் கவலையில்லை. அதற்கிடையில் உப்புக் காற்று அடித்த நாட்களில் மாலையில் இலைகளை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். சாடிக்குக் கீழே தட்டு வைத்தால் தண்ணீர் தேங்க விடாதீர்கள். கொழும்பில் டெங்கு நுளம்புக்கு அது போதும்.

கல்கிசையில் வீட்டு முன்பக்கம் முழுக்க மணல். புல்லும் பிடிக்குதில்லை. ஏதாவது பூக்கிற கொடி?

அடம்பன். "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று சும்மா சொல்லவில்லை. கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலை இறுக்கிப் பிடித்துவிடும். ஆட்டுக் குளம்பு மாதிரி இரண்டாகப் பிளந்த தடித்த இலை. ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த பூ காலையில் விரிந்து அன்றைக்கே வாடும். மதிலில் ஏற்றலாம் என்று நினைக்க வேண்டாம், அது நிலத்தில் ஓடுகிற கொடி. கடற்கரையில் கிடப்பதை வேரோடு பிடுங்கி வராதீர்கள், அங்கே கரை மணலைக் காப்பதே அதுதான். தெரிந்தவர் வளவிலிருந்து நாலைந்து கணு உள்ள துண்டொன்று வாங்கினால் போதும். சின்ன முற்றத்துக்கு நான் சொல்லமாட்டேன். ஓட இடம் வேண்டும்.

கார்த்திகைப்பூ வளர்க்க ஆசை. வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை இருக்கிறான்.

பிள்ளை வளரும் வரை வேண்டாம். கொடி முழுவதும் கொல்கிசின் என்ற நஞ்சு, கிழங்கில் மிக அதிகம். வற்றாளைக் கிழங்கென்று அவித்துத் தின்று இறந்தவர்கள் இந்த நாட்டிலேயே இருக்கிறார்கள்.

சின்னப் பிள்ளைகள் இல்லாத வீட்டுக்காரருக்கு: கிழங்கைப் படுக்கையாக, இரண்டு அங்குல ஆழத்தில் வையுங்கள், கையுறை போட்டுக்கொண்டு. முளை நுனி தட்டினாலே முறியும். இலை நுனிகளே சுருண்டு கம்பியைப் பிடிக்கும், கட்டிவிடத் தேவையில்லை. பூ பச்சை மஞ்சளாக விரிந்து, நெளிந்த இதழ்கள் பின்னால் வளைந்து, நாளாக நாளாகச் சிவக்கும். பூத்து முடிந்து கொடி காய்ந்தால் பட்டுவிட்டதென்று கிண்டாதீர்கள், உறங்குகிறது. அப்போது தண்ணீர் விட்டால் கிழங்கு அழுகும்.

போகன்விலா நம்மூர்க் கொடிதானே?

இல்லை, பிரேசில். கொடி ரோசா மெக்சிக்கோ.

தெஹிவளையில் மதிலில் குறிஞ்சா விட்டிருக்கிறேன். இலையெல்லாம் புழு தின்னுது. என்ன மருந்து அடிக்கலாம் அக்கா?

மருந்தா? சுண்டலுக்கு ஆயும் இலையில் மருந்தடித்துவிட்டு யார் சாப்பிடுவது? புழுவின் உடலில் குறுக்குக் கோடுகளும் முன்னும் பின்னும் கறுப்பு இழை போன்ற கொம்புகளும் இருந்தால், அது நீலப்புலி வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கலாம். அது முட்டையிடத் தேடி வருகிற கொடிகளில் குறிஞ்சாவும் ஒன்று. கொடி திரும்பத் தளிர்க்கும். கொத்தாகத் தொங்கும் அந்தப் பச்சைப் பூவை யாரும் அழகென்று சொல்வதில்லை, எனக்குப் பிடிக்கும்.

வண்ணத்துப்பூச்சிக்காகவே வளர்ப்பதென்றால் ஈஸ்வரமூலி ஒன்று வையுங்கள். இலங்கையில் மட்டுமே காணப்படும் பெரிய மஞ்சள் கறுப்பு பேர்ட்விங் வண்ணத்துப்பூச்சி அதில் முட்டையிடும். பூ சிறியது, விசித்திரமானது. மூலிகையென்று யாரும் வாயில் வைக்க வேண்டாம், அதிலுள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

நுகேகொடையில் கேற்றுக்கு மேல் வளைவு கட்டியிருக்கிறோம். வாசமான கொடி வேண்டும்.

நுகேகொடை கடலுக்குக் கொஞ்சம் உள்ளே, உப்புக் கரைச்சல் குறைவு. மாதவி, அதாவது குருக்கத்தி வைக்கலாம். ஓரம் கிழிந்த வெள்ளைப் பூ, ஓரிதழில் மட்டும் மஞ்சள், நல்ல வாசம். காய்க்கு மூன்று இறக்கை, சுழன்று சுழன்று விழும். ஆனால் அது மரம்போலத் தடிக்கிற கொடி. மெல்லிய கம்பி வளைவைச் சாய்த்துவிடும். இரும்புக் குழாய் என்றால் வையுங்கள், பூத்து முடிய வருடாவருடம் வெட்டுங்கள். மொரீஷியஸில் இதே கொடி காட்டுக்குள் பரவி அங்குள்ள மரங்களை மூடிக்கொண்டிருக்கிறது.

வெட்டப் பொறுமையில்லையா? காட்டு மல்லிகை. மினுக்கும் சிறு இலை, நட்சத்திரப் பூ. வரண்ட பகுதிப் பற்றைகளில் கேட்பாரற்று வளர்வது, ஆகையால் ஒருநாள் தண்ணீர் மறந்தாலும் கோபிக்காது.

இதெல்லாம் எந்த நேசரியில் கிடைக்கும்?

பூஞ்செடி நேசரிகளில் கேட்டால் பெரும்பாலும் அலமண்டா என்ற வெளிநாட்டுக் கொடியைத்தான் காட்டுவார்கள். மூலிகைக் கன்று விற்பவர்களிடம் சிங்களப் பெயரில் கேளுங்கள்: கார்த்திகைப்பூவுக்கு நியங்கலா, குறிஞ்சாவுக்கு அங்குன, ஈஸ்வரமூலிக்கு சப்சந்த. சங்குப்பூவுக்குக் காசு கொடுக்காதீர்கள். வேலியில் விட்டிருக்கிற யாரைக் கேட்டாலும் ஒரு கை நெற்று தருவார்கள்.