தாஜ்மஹாலும் ஃபிளாஸ்க்கும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஓசூர் சிப்காட்டில் வேலை செய்கிறேன். வீடு பாகலூர் பக்கம். போன ஆவணியில் கல்யாணம் ஆனது. மனைவி ஒரு ரோஜாப் பண்ணையில் கிரேடிங் பிரிவில் இருக்கிறாள். காம்பை அளந்து பிரித்து, இருபது இருபதாகக் கட்டும் வேலை. ஜனவரி பிறந்தால் மூச்சுவிட நேரமில்லை. காலை ஏழு மணிக்குப் போனால் இருட்டித்தான் வருகிறாள். பூவை வைக்கும் குளிர் அறைக்குப் போய்ப் போய் விரல் மரத்துவிடுகிறது என்று, வந்ததும் சுடுதண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். பிப்ரவரி 12, 13-க்குள் லோடு முடிந்தால்தான் ஓய்வு.

காதலர் தினத்துக்கு அவளுக்கு என்ன கொடுப்பது? ரோஜாவை நீட்டினால் சிரிப்பாள். கூட வேலை செய்கிறவர்கள் டெடி பொம்மை, இதய வடிவ சாக்லேட் என்கிறார்கள். அப்பாவோ, "வெள்ளைக்காரன் திருவிழா நமக்கெதுக்கு" என்கிறார். நம் மரபில் இப்படி ஏதாவது உண்டா?

(பெயர் வேண்டாம்), பாகலூர்

அன்புள்ள தம்பி,

உங்கள் சிக்கல் ரொம்பப் பழசு. குறுந்தொகையின் முதல் பாட்டே இதுதான். தலைவிக்கென்று செங்காந்தள் பூவைக் கொண்டுவந்து தோழியிடம் நீட்டுகிறான் தலைவன். இப்படிக் கொண்டுவரும் பரிசுக்கு அன்று கையுறை என்று பெயர். (விரல் மரத்துப்போகிறவளுக்கு அந்தச் சொல்லின் இன்றைய அர்த்தமும் பொருந்தும்தான்.) தோழி வாங்கவில்லை. முருகனுடைய இந்தக் குன்றத்தில் ரத்தச் சிவப்பாகக் காந்தள் குலைகுலையாகக் கிடக்கிறது என்கிறாள். பாட்டு அதோடு முடிந்தது. நாலே அடி, அதில் 'வேண்டாம்' என்ற வார்த்தைகூடக் கிடையாது. பாகலூர்ப் பெண்ணிடம் சிவப்பு ரோஜாவோடு போகிறவனுக்கும் இதே பதில்தான். நீங்கள் தப்பித்தீர்கள்.

அதிலும் அந்த ரோஜா! 'தாஜ்மஹால்' ரகம், நல்ல கருஞ்சிவப்பு. டிசம்பரில் செடியின் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து, சுமார் நாற்பத்தைந்து நாள் கணக்குப் போட்டு, சரியாகக் காதலர் தினத்துக்கு முன்னால் மொட்டு வரும்படி பூக்க வைக்கிறார்கள். மேகமூட்டம் நீண்டால் மொட்டு பின்தங்கும், வெயில் ஏறினால் முந்திக்கொள்ளும், இரண்டிலும் காசு போச்சு. ஜாடியில் பல நாள் வாடாமல் நிற்க வேண்டும், விமானத்தில் சிங்கப்பூர் வரைக்கும் தாங்க வேண்டும் என்று ரகத்தைத் தேர்ந்து தேர்ந்து, வாசத்தைத் தொலைத்துவிட்டார்கள். தலையில் வைக்கலாம் என்றால் முழ நீளத்துக்குக் காம்பு. எனக்கென்னவோ ஒரு முழம் மல்லியின் பக்கத்தில் அது நிற்காது.

அப்பா சொல்வது உண்மை, இது வெளியிலிருந்து வந்த பழக்கம். ஆனால் கதை அவர் நினைப்பதைவிட வேடிக்கையானது. இந்த நாளுக்குப் பெயர் தந்த வாலண்டைன் என்ற புனிதரைப் பற்றி நிச்சயமாகத் தெரிந்தது சொற்பம் என்பதால், கத்தோலிக்கத் திருச்சபையே 1969-ல் தன் பொது நாள்காட்டியிலிருந்து அந்தத் திருநாளை எடுத்துவிட்டது. வியாபாரிகள் விடவில்லை. ஜப்பானில் பெண்கள்தான் ஆண்களுக்கு சாக்லேட் கொடுக்க வேண்டும், ஆண்கள் மார்ச் 14-ல் திருப்பிச் செய்ய வேண்டும். நம் மொய் நோட்டு மாதிரி. அந்தத் திருப்பும் நாளை ஏற்படுத்தியவர்கள் மிட்டாய்க் கம்பெனிக்காரர்கள். இருந்தாலும் உங்கள் வீட்டுக்கு ஜனவரியில் ஓவர்டைம் வருவது இந்த வெள்ளைக்காரன் திருவிழாவால்தான். இதை அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

வெளிநாட்டுப் பழக்கங்களில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. வேல்ஸ் நாட்டில் பையன் ஒரே மரத்துண்டிலிருந்து கரண்டி செதுக்கிப் பெண்ணுக்குக் கொடுப்பான். அங்குள்ள அருங்காட்சியகத்தில் 1667 என்று ஆண்டு பொறித்த கரண்டியே இருக்கிறது. காம்பில் சங்கிலி வளையங்கள், கூண்டுக்குள் உருளும் குண்டுகள், எல்லாம் ஒட்டு இல்லாமல் அதே கட்டையில் குடைந்தவை. கத்தி சறுக்கினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவன் எத்தனை ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்திருந்தான் என்பது கரண்டியைப் பார்த்தாலே அவளுக்குத் தெரிந்துவிடும்.

நான் கல்யாணமான வருஷம் கிருஷ்ணகிரியில் ஒரு கிஃப்ட் கடையில், ஜோடி நடனமாடும் பீங்கான் பொம்மை வாங்கினேன். என் சம்பளத்துக்கு அது அதிகம். மனைவி பிரித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது, இத யாரு தொடைக்கறது?" என்றாள். அவள்தான் துடைத்தாள். முப்பது வருஷமாகத் துடைக்கிறாள். நடுவில் உடைந்த ஒரு கையை ஃபெவிக்விக் போட்டு ஒட்டியவளும் அவளே. அவளுக்கு ஒரு வேலையை வாங்கிக் கொடுத்திருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவே பத்து வருஷம் ஆனது. டெடி பொம்மைக்கும் இதே கதிதான், அதைத் துவைக்க வேறு வேண்டும்.

உங்கள் கேள்விக்கான பதிலை நீங்களே எழுதிவிட்டு, அடுத்த பத்தியில் கேள்வி கேட்கிறீர்கள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்காருகிறாள் என்றீர்களே, அந்த வரிதான். நல்ல எவர்சில்வர் ஃபிளாஸ்க் ஒன்று வாங்குங்கள், அரை லிட்டர் போதும். காலையில் அவள் கிளம்புவதற்குள் நீங்கள் எழுந்து சுக்குக் காப்பி போட்டு ஊற்றிக் கொடுங்கள். வாங்குவது ஒரு நாள், ஊற்றுவது தினமும். ஒரு நாள் ஊற்றிவிட்டு போட்டோ எடுத்துப் போடுவதாக இருந்தால் சாக்லேட்டே வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பிப்ரவரி 14 வரை காத்திருக்காதீர்கள். அவளுக்குக் குளிர் இப்போது. லோடு முடிந்த பிறகு ஃபிளாஸ்க்கை ரிப்பன் கட்டிக் கொடுத்து என்ன பயன்? அதியமான் ஆண்ட தகடூர்ப் பக்கத்துக்காரர்கள் நாம், பரிசு என்றாலே அவன் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனிக்குப் போய்விடுவோம். அது காதல் கதையல்ல. ஆனால் சாவை நீக்கும் அதன் பலனை வாய்விட்டுச் சொல்லாமல் மனசுக்குள்ளேயே அடக்கிக்கொண்டு கொடுத்தாய் என்று ஔவை அதியமானைப் பாடுகிறாள் (புறநானூறு 91). அந்த அளவுக்கு மட்டும் அவனைப் பின்பற்றலாம். 14-ஆம் தேதி காலை அவளைத் தூங்க விடுங்கள். வாசலுக்குத் தண்ணீர் நீங்கள் தெளித்தால் போதும், கோலம் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது.

கடையில் மூடியைத் திருகி, உள்ளே ரப்பர் வளையம் சரியாக உட்காருகிறதா என்று பாருங்கள். தண்ணீர் ஊற்றித் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.