'பேரனாய்டு பார்க்' படத்தில் கதை நகராமல் ஸ்கேட்போர்டுக் காட்சிகள் ஏன் இவ்வளவு நீள்கின்றன?

நீங்கள் படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். கஸ் வான் சான்ட் 2007இல் எடுத்த இந்தப் படத்தை நானும் முதல் முறை பாதியில்தான் நிறுத்தினேன். ஆனால் காரணம் சலிப்பு அன்று.

அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் வாழும் பதினாறு வயது அலெக்ஸ், ஓர் இரவு சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டு போகையில், தன்னை விரட்டி அடிக்கும் காவலாளியை ஸ்கேட்போர்டால் தாக்க, அவர் தடுமாறி அடுத்த தண்டவாளத்தில் விழுந்து ரயிலில் சிக்கி இறந்துபோகிறார். எவரிடமும் சொல்ல முடியாமல் அவன் அதைக் கடிதமாக எழுதுகிறான். அவன் எழுதும் குழம்பிய வரிசையில்தான் படமும் செல்கிறது. அந்நகரின் பர்ன்சைடு பாலத்தின் அடியில், அனுமதிக்குக் காத்திராமல் ஸ்கேட்டர்களே கட்டத் தொடங்கிய திடல்தான் படத்தில் பேரனாய்டு பார்க்காக வருகிறது. சூப்பர் 8 என்னும் சிறிய படச்சுருள் கேமராவில் எடுத்த, மிதப்பதுபோன்ற அந்தக் காட்சிகள், அந்த இரவை நெருங்கும்போதெல்லாம் அவன் மனம் விலகிச் சென்று ஒதுங்கும் இடம் என்றே நான் கொள்கிறேன்.

இதை நான் திரைப்பட நூல்களைப் படித்துச் சொல்லவில்லை. பதினேழு வயதில், சித்தப்பாவின் ஸ்கூட்டரைக் கேட்காமல் எடுத்துச் சென்று, சந்தையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரை இடித்துவிட்டேன். அவர் விழுந்ததைக் கண்ணாடியில் பார்த்தும் நிற்கவில்லை. அவருக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டதாக மறுநாள் தெருவில் பேசிக்கொண்டார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அக்காவிடம் சொல்ல உட்கார்ந்தபோது, ஸ்கூட்டரின் கைப்பிடி உறை கிழிந்திருந்ததைச் சொன்னேன். பிறகு அன்று மாலை ஆற்றில் நெடுநேரம் முங்கிக் கிடந்ததை. மறுபடியும் கைப்பிடி உறையை. "முதல்ல என்னடா நடந்துச்சு, அதச் சொல்லு" என்றாள் அக்கா. எது முதல் என்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே, அலெக்ஸ் குளியலறையில் தலைகுனிந்து நிற்க, நீர் மெதுவாக வழிந்து, அதன் ஓசையோடு பறவைகளின் ஒலியும் ஏறிக்கொண்டே போகும் இடத்தில் படத்தை நிறுத்திவிட்டேன். மீண்டும் பார்க்க ஓராண்டு ஆயிற்று.

குற்றத்தை அழகுபடுத்தும் படம் என்று சிலர் இங்கே எழுதக்கூடும். நான் செய்ததற்கு நியாயம் தேடுகிறேன் என்றும் சொல்லக்கூடும். இல்லை, மறைத்த ஒன்றைச் சொல்ல முயலும்போது மனம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை மட்டுமே சொல்கிறேன்.

ஒன்றைச் சரிபாருங்கள்: இப்படத்தின் சட்டகம் ஏறத்தாழச் சதுரமானது. எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கம் ஒன்று அதை அகலத்திரைக்கு இழுத்து நீட்டித் திரையிட்டு, அந்தச் சிறுவனின் முகத்தையே சிதைத்துவிட்டது. கேட்டதற்கு, யாருக்குத் தெரியப்போகிறது என்றார்கள். ஒரு முகத்தை நம்பியே நிற்கும் படத்துக்கு இது பெரிய அநீதி.

இறுதியில் அலெக்ஸ் அந்தக் கடிதத்தை எரித்துவிடுகிறான். நான் அக்காவிடம் சொன்னதோடு சரி. அந்த முதியவரின் வீட்டுக்குப் போகவேயில்லை.