சிறுநீரகத்தில் வெள்ளையாகத் தெரிந்த கட்டி: கொழுப்புதானா?

டாக்டர், எனக்கு 43 வயது. பித்தப்பைக் கல்லுக்காக அல்ட்ராசவுண்ட் எடுத்தபோது, வலது சிறுநீரகத்தில் 1.8 செ.மீ. அளவில் ஒரு கட்டி இருப்பது தெரியவந்தது. ‘ஆஞ்சியோமயோலிபோமாவாக இருக்கலாம்’ என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறார்கள். வலியோ வேறு தொந்தரவோ இல்லை. இது புற்றுநோயா? சிடி ஸ்கேன் அவசியமா? ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டுமா?

பதில்: அந்தக் கேள்விக்குறி உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருக்கும். ஆனால் அதைப் போட்டவர் நேர்மையானவர். அல்ட்ராசவுண்டை மட்டும் பார்த்து அதற்கு மேல் உறுதியாக யாராலும் சொல்ல முடியாது.

ஆஞ்சியோமயோலிபோமா என்பது ரத்தநாளம், தசை, கொழுப்பு மூன்றும் கலந்து வளரும் கட்டி. பெரும்பாலும் சாதுவானது, பெண்களிடம்தான் அதிகம் பார்க்கிறோம். கொழுப்பு கலந்த இந்தக் கட்டி ஒலி அலைகளைப் பலமாகத் திருப்பி அனுப்புவதால், திரையில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். சிக்கல் என்னவென்றால், சிறிய சிறுநீரகப் புற்றுக்கட்டிகளிலும் சில இதே வெள்ளையாகத் தெரிவதுண்டு. அதனால் ‘வெள்ளையாக இருக்கிறது, விட்டுவிடுங்கள்’ என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஒருமுறை சிடி எடுத்துவிடுங்கள்.

சிடியில் நாங்கள் தேடுவது ஒன்றே ஒன்றுதான்: கொழுப்பு. சிடி படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000, சுத்தமான கொழுப்புக்கு மைனஸ் 100 வாக்கில். சாயம் (படம் தெளிவாகத் தெரிய ரத்தநாளத்தில் ஏற்றும் மருந்து) ஏற்றாத சிறுநீரகத் திசு பிளஸ் 30-ஐ ஒட்டி இருக்கும். கணினித் திரையில் கட்டியின் கருமையான பகுதிமேல் மவுஸால் ஒரு சின்ன வட்டம் போடுவோம். உடனே அதன் சராசரி எண் பக்கத்தில் வந்து நிற்கும். அது மைனஸ் 10-க்கும் கீழே, உதாரணமாக மைனஸ் 50 என்று வந்தால், உள்ளே கொழுப்பு இருக்கிறது. சிறுநீரகத்துக்குள் இருக்கும் சிறிய கட்டியில், சுண்ணாம்புப் படிவு இல்லாமல் இப்படிக் கொழுப்பு தெரிந்தால், அநேகமாகச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். ஊசி வேண்டியதில்லை. சுண்ணாம்பும் சேர்ந்து தெரிந்தால் மட்டும் நாங்கள் அவ்வளவு நிம்மதியாக இருப்பதில்லை. அபூர்வமாகச் சில புற்றுக்கட்டிகளிலும் கொழுப்பு இருக்கும், அப்போது பெரும்பாலும் சுண்ணாம்பும் கூடவே வரும்.

ஸ்கேன் எடுக்கும் விதத்தில்தான் பல குழப்பங்கள் தொடங்குகின்றன. 5 மி.மீ. தடிமனில் வெட்டிப் பார்த்தால், சிறு கட்டியில் இருக்கும் கொழுப்பும் பக்கத்துத் திசுவும் ஒரே புள்ளிக்குள் கலந்து, எண் பூஜ்ஜியத்துக்கு மேலே போய்விடலாம். அதே கட்டியை 1.5 மி.மீ. வெட்டுகளில் பார்த்தால் கொழுப்பு தெளிவாக வெளிப்படும். சாயம் ஏற்றிய படத்தை மட்டும் எடுத்தாலும் இதே தொல்லைதான். கட்டியின் ரத்தநாளங்களில் சாயம் நிறைந்து எண்ணை உயர்த்திவிடும். ஆகவே முதலில் சாயம் இல்லாமல், மெல்லிய வெட்டுகளில் எடுக்க வேண்டும். கொழுப்பு அதிலேயே தெரிந்துவிட்டால், அதை உறுதிசெய்யச் சாயம் தேவைப்படாது.

கர்ப்பமாக இருப்பவர்களுக்கு எம்ஆர்ஐ எடுக்கலாம். கொழுப்பை அடக்கும் முறையில் எடுக்கும்போது, வெளிச்சமாக இருந்த இடம் கறுத்துப்போகும்.

ஏறக்குறைய 20 ஆஞ்சியோமயோலிபோமாக்களில் ஒன்றில் கொழுப்பு மிகக் குறைவாக இருப்பதால், படத்தில் கண்ணுக்கே தெரியாது. அப்போதுதான் சாயம் ஏற்றிய படம், எம்ஆர்ஐ, தேவைப்பட்டால் பயாப்சி என்று அடுத்தடுத்துப் போக வேண்டியிருக்கும். பயாப்சி என்ற சொல்லைக் கேட்டதும் புற்று என்று முடிவு கட்ட வேண்டாம். அறுவை சிகிச்சையைத் தவிர்க்கவும் அது உதவும்.

உங்கள் கட்டியில் கொழுப்பு உறுதியானால், 1.8 செ.மீ.க்கு அகற்றும் பேச்சே வேண்டாம். எப்போதாவது ஓர் அல்ட்ராசவுண்டில் அளவைப் பார்த்துக்கொண்டால் போதும். இந்தக் கட்டியில் நாங்கள் அஞ்சுவது ரத்தக்கசிவுக்குத்தான். கட்டி 4 செ.மீ.யைத் தாண்டினாலோ, உள்ளே இருக்கும் ரத்தநாளம் 5 மி.மீ.க்கு மேல் பலூன்போல் வீங்கியிருந்தாலோ அந்த ஆபத்து கூடும். கர்ப்ப காலத்திலும் கூடுதல் கவனம் தேவை. அப்படிப்பட்டவர்களுக்கு, கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை மட்டும் உள்ளிருந்தே அடைத்துவிட முடியும், சிறுநீரகம் பிழைத்துக்கொள்ளும். இடுப்புக்கு மேலே பக்கவாட்டில் திடீரென்று கடும் வலி, கூடவே தலைசுற்றல், வியர்வை என்று வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். இரண்டு சிறுநீரகங்களிலும் பல கட்டிகள் உண்டா? உங்களுக்கோ குடும்பத்தில் யாருக்கோ வலிப்பு, மூக்கைச் சுற்றிச் சிறு சிறு முகக் கட்டிகள் உண்டா? இருந்தால் டியூபரஸ் ஸ்க்லெரோசிஸ் என்ற மரபுநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு மருத்துவமும் கண்காணிப்பும் வேறு.

சிடிக்குப் போகும் முன், பழைய வயிற்று ஸ்கேன் ஏதாவது வீட்டில் கிடக்கிறதா என்று தேடுங்கள். கிடைத்தால் அறிக்கையோடு படங்களையும் எடுத்துப் போங்கள். சில வருடங்களுக்கு முந்தைய சிடியில் இந்தக் கட்டியும் பதிவாகி, அதில் கொழுப்பும் தெரிந்தால், புதிய சிடியே தேவைப்படாமல் போகலாம்.