வியர்வை துடைக்க ஓர் இடைவெளி

அன்புள்ள ஐயா,

வணக்கம். என் மகள் ஐந்து வருடமாகக் கர்நாடக இசையில் வயலின் கற்றுவருகிறாள். போன மாதம் ஒருநாள், "உலகத்திலேயே பெரிய வயலின் கலைஞர் யார் அப்பா?" என்று கேட்டாள். தேடிப் பார்த்தேன். எங்கே பார்த்தாலும் பகனீனி என்றே போட்டிருக்கிறது. அவர் 1840இலேயே இறந்துவிட்டார். ஒலிப்பதிவு கிடையாது. யாருமே கேட்காத ஒருவரை எந்தத் தைரியத்தில் முதலிடத்தில் வைக்கிறார்கள்? சாத்தானுக்கு ஆன்மாவை விற்றார் என்ற கதையை நம்பித்தானா?

ஒலிப்பதிவு உள்ளவரைக் கேட்கலாம் என்று யாஷா ஹைஃபெட்ஸைக் கேட்டேன். கை அசாத்தியம்தான். ஆனால் எனக்கு ஐஸ் தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது. இதைச் சொன்னதற்கு இசை தெரிந்த என் நண்பர் இரண்டு நாள் பேசவில்லை. மேற்கத்திய இசை பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதால் கேட்கிறேன். நான் என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும்?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

வரிசை எண் போடுவது என்னால் ஆகாது. அதை உங்கள் நண்பரிடமே விட்டுவிடுங்கள். ஆனால் கேட்காதவரை எப்படி நம்புவது என்ற உங்கள் கேள்வி என்னையும் வெகுநாள் தொந்தரவு செய்திருக்கிறது. ஒலிப்பதிவு இருந்தால் உண்மை தெரிந்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். யோசஃப் யோவாகிமின் இசைத்தட்டைக் கேட்கும்வரை.

யோவாகிம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும் பெயர். பேத்தோவனின் வயலின் கான்செர்ட்டோ (தனி வயலினும் ஆர்கெஸ்ட்ரா என்ற பெரிய வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் உருப்படி) 1806இல் வியன்னாவில் அரங்கேறி, பிறகு ஏறக்குறைய கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1844இல் லண்டனில் இசையமைப்பாளர் மெண்டல்சன் ஆர்கெஸ்ட்ராவை நடத்த, அதை வாசித்து மறுபடி மேடைக்குக் கொண்டுவந்தவர் பன்னிரண்டு வயது யோவாகிம். அப்படிப்பட்டவர் 1903இல் ஒலிப்பதிவுக் குழல் ஒன்றின் முன்னால் நின்று இசைத்தட்டில் ஐந்து பக்கங்கள் பதிவு செய்தார். அப்போது வயது எழுபதைக் கடந்திருந்தது. மின்சார ஒலிவாங்கி இன்னும் வரவில்லை. தகரக் குழலுக்குள் வாசிக்க வேண்டும். ஒரு பக்கத்துக்குச் சில நிமிடங்கள்தான்.

அதில் பாஹின் ஜி-மைனர் அடாஜியோ என்ற மெதுநடை உருப்படியை முதல்முறை கேட்டபோது கோப்பு பழுதாகிவிட்டது என்று நினைத்து நிறுத்திவிட்டேன். கூரைத் தகரத்தில் மழை பெய்வது போன்ற இரைச்சல்; அதற்குப் பின்னால், பக்கத்துத் தெருவில் யாரோ வாசிப்பதுபோல ஒரு வயலின். இன்றைய கலைஞர்கள் ஒவ்வொரு சுரத்திலும் இடது கையை அசைத்து நடுக்கம் கொடுப்பார்கள். இவர் அநேகமாக அசைக்கவே இல்லை. சுரம் நட்டு வைத்த கழிபோல நேராக நிற்கிறது. சில இடங்களில் விரல் தடுமாறுகிறது. இவரா இசையமைப்பாளர் பிராம்ஸுக்கு வாசித்தவர் என்று இருந்தது.

ஆம், இவர்தான். ஆனால் பிராம்ஸ் கேட்ட யோவாகிம் இந்தத் தட்டில் இல்லை. அவரைக் கேட்க வேண்டுமென்றால் பிராம்ஸின் இசைத்தாளுக்குத்தான் போக வேண்டும். இந்த வழியை நான் கண்டுகொண்டதே தாமதமாகத்தான். பதிவில் இல்லாத வயலின் கலைஞர்கள், பிறர் அவர்களுக்காக எழுதிய இசையிலும், சில சமயம் அவர்களே எழுதியதிலும் விரல் அடையாளத்தை விட்டுப் போயிருக்கிறார்கள்.

முதலில் உங்கள் பகனீனி. 1820இல் அச்சான 24 காப்ரிஸ்களை (தனி வயலினுக்கான சிறு உருப்படிகள்) அவர் யாருக்குச் சமர்ப்பித்தார் தெரியுமா? அரசருக்கோ பிரபுவுக்கோ அல்ல, 'கலைஞர்களுக்கு' என்று. முடிந்தால் வாசித்துப் பாருங்கள் என்று சீண்டுகிற குரல் எனக்கு அதில் கேட்கிறது. இருபத்து நான்காவது காப்ரிஸில் ஓர் இடம் உண்டு. வலது கை வில் போட்டுக்கொண்டிருக்க, இடது கை விரல்களே இடையிடையே தந்தியைச் சுண்ட வேண்டும். இசைக்கல்லூரி மாணவர்கள் இன்றும் இதோடு மல்லுக்கட்டுகிறார்கள். இதை எழுதியவருக்கு வாசிக்கத் தெரியாமலா இருந்திருக்கும்?

ஆனால் என்னைக் கவிழ்த்தது வேகம் அல்ல, சுருதி. அவருடைய முதல் கான்செர்ட்டோவில் ஆர்கெஸ்ட்ராவுக்கு ஈ-ஃப்ளாட் என்ற சுருதியில் எழுதியிருக்கிறார். தனி வயலினுக்கு மட்டும் அதைவிட அரைக் கட்டை கீழான டி-மேஜரில். தன் தந்திகள் நான்கையும் அரைக் கட்டை ஏற்றிச் சுருதி சேர்த்துக்கொண்டு மேடைக்கு வருவார். வயலினில் டி-மேஜர் என்பது விரல் படாத தந்திகள் தாமாகவே சேர்ந்து அதிரும் இடம். ஈ-ஃப்ளாட்டில் அந்த அதிர்வு கிடைக்காது. ஆக, எதிரே முப்பது நாற்பது வாத்தியங்கள் சற்று மங்கலாக ஒலிக்க, இவருடைய ஒரே வயலின் இறுக்கிய தந்தியோடு பளீரென்று மேலே நிற்கும். கேட்டவர்களுக்குக் காரணம் பிடிபட்டிராது. சாத்தான் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபமாக இருந்திருக்கும்.

இதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள், சிரிப்பாள். பாடகர் ஒரு கட்டை என்றால் ஒரு கட்டைக்கும், பாடகி ஐந்தரை என்றால் ஐந்தரைக்கும் தந்தியை இறக்கி ஏற்றிப் பழகியவர்கள் நம் ஊர் வயலின்காரர்கள். மேற்கே பெரும்பாலும் ஒரே சுருதிதான். அங்கே அது மந்திரவாதம். இவளுக்கு அன்றாட வேலை.

இந்த ரகசியத்தை அவர் கட்டிக்காத்தார் என்பதும் உண்மை. ஆர்கெஸ்ட்ராவுக்குத் தாள்களைக் கடைசி நேரத்தில் கொடுத்து, வாசித்து முடித்ததும் எண்ணி வாங்கிக்கொள்வார். கான்செர்ட்டோக்கள் அச்சானதே 1851இல்தான், அவர் இறந்து பதினோரு ஆண்டுகள் கழித்து. (சாத்தான் கதைக்கு அவர் உடல்தான் விலை கொடுத்தது. கடைசிச் சடங்கு இல்லாமல் இறந்தவருக்கு நீஸ் நகர ஆயர் இடம் மறுக்க, சவப்பெட்டி ஊர் ஊராக அலைந்து பார்மா கல்லறைத் தோட்டத்துக்கு வந்து சேர 1876 ஆயிற்று.) அவருடைய வயலின் ஜெனோவாவில் இருக்கிறது. 1743இல் குவார்னேரி செய்தது. அதன் பருத்த ஒலிக்காக அவர் அதற்கு 'பீரங்கி' என்று பெயர் வைத்திருந்தார்.

இப்போது 1878ஆம் ஆண்டுக்கு வாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த ஆண்டு.

வசந்த காலத்தில் ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கி சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் ஒரு வயலின் கான்செர்ட்டோ எழுதுகிறார். கோடையில் பிராம்ஸ் ஆஸ்திரியாவில் இன்னோர் ஏரிக்கரையில் உட்கார்ந்து இன்னொன்று எழுதுகிறார். இரண்டும் டி-மேஜர். பேத்தோவனுடையதும் டி-மேஜர்தான். அதிரும் தந்திகள் பகனீனிக்கு மட்டும் சொந்தமா என்ன?

பிராம்ஸ் பியானோக்காரர். வயலின் பகுதியை யோவாகிமுக்கு அனுப்பி, கடினமானது, அசௌகரியமானது, வாசிக்கவே முடியாதது என்று அந்தந்த இடத்தில் குறித்துத் தாருங்கள் என்று கேட்டார். யோவாகிம் குறித்துக் கொடுத்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி இன்று வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. அதில் யோவாகிமின் திருத்தங்களைப் பார்க்கலாம். அதை நூலகத்துக்குக் கொடுத்தவர் இன்னொரு மாபெரும் வயலின்காரர், ஃப்ரிட்ஸ் க்ரைஸ்லர். பிராம்ஸ் அந்தத் திருத்தங்கள் எல்லாவற்றையும் ஏற்கவில்லை. கேட்டுவிட்டு, தனக்குத் தோன்றியதையே எழுதும் முரட்டு மனிதர் அவர்.

ஆனால் ஓரிடத்தில் முழுதாக விட்டுக்கொடுத்தார். முதல் பகுதியின் கடைசியில் ஆர்கெஸ்ட்ரா நின்றுவிட, வயலின் மட்டும் தனியாக வாசிக்கும் கட்டம் ஒன்று உண்டு, கடென்ஸா என்பார்கள். கச்சேரியில் மிருதங்கத்துக்குத் தனி விடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பிராம்ஸ் எழுதவில்லை. நண்பரே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். 1879 ஜனவரி 1 அன்று லைப்ஸிகில் பிராம்ஸ் நடத்த, யோவாகிம் அரங்கேற்றினார். அன்றைக்குப் பிறகு க்ரைஸ்லர், ஹைஃபெட்ஸ் என்று பலரும் தங்கள் கடென்ஸாக்களை எழுதினார்கள். இன்றும் அதிகமாக வாசிக்கப்படுவது யோவாகிமுடையதுதான். நீங்கள் அந்தக் கட்டத்தைக் கேட்கும்போது தகரக் குழலுக்குள் தடுமாறிய கிழவரைக் கேட்கவில்லை. நாற்பத்தேழு வயது யோவாகிம் தன் கைக்கு எது அழகு என்று நினைத்தாரோ அதைக் கேட்கிறீர்கள்.

எல்லாருக்கும் அந்தக் கான்செர்ட்டோ பிடித்துவிடவில்லை. ஸ்பெயின் வயலின்காரர் சரசாதே அதை வாசிக்க மறுத்தார். இரண்டாம் பகுதியில் ஓபோ என்ற ஊதுகருவிக்கு ஒரு நல்ல மெட்டு கிடைக்கும். அதுவரை வயலினைக் கையில் வைத்துக்கொண்டு நான் வேடிக்கை பார்த்து நிற்கவா என்று கேட்டாராம். எனக்குச் சரசாதேயைப் பிடிக்கும். 1904இல் அவர் பதிவு செய்த தட்டொன்றில், வாசிப்புக்கு நடுவே ஒரு மனிதக் குரல் திடீரென்று ஏதோ சொல்லிவிட்டு மறையும். ஒவ்வொரு முறையும் தூக்கிவாரிப் போடும். ஆனால் ஓபோ விஷயத்தில் அவர் கட்சி தப்பு. அந்தக் காத்திருப்புக்குப் பிறகு வயலின் நுழைவதுதான் சுகமே.

அதே ஆண்டு சைக்கோவ்ஸ்கிக்கு வேறு கதை. எழுதும்போது பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டியவர் கோட்டெக் என்ற இளைஞர், யோவாகிமிடம் பயின்றவர். சமர்ப்பணமோ பீட்டர்ஸ்பர்க் பேராசிரியர் லியோபோல்ட் ஆவருக்கு. அவரும் யோவாகிமின் மாணவரே. குரு பிராம்ஸுக்கு உட்கார்ந்து திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் சீடர், இது வயலினுக்கு ஏற்றபடி இல்லை, மாற்ற வேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் 1881இல் அடால்ஃப் பிராட்ஸ்கி வியன்னாவில் அரங்கேற்றினார். விமர்சகர் ஹான்ஸ்லிக், நாற்றம் காதில் விழும் இசையும் இருக்கக்கூடும் போலிருக்கிறது என்கிற ரீதியில் எழுதினார். சமர்ப்பணம் பிராட்ஸ்கிக்கு மாறியது.

ஆவர் பிறகு மனம் மாறி, தன் திருத்தங்களோடு அதைத் தன் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்த மாணவர்கள் யார்? மிஷா எல்மன், எஃப்ரம் ஜிம்பலிஸ்ட், யாஷா ஹைஃபெட்ஸ். மறுத்தவரின் வகுப்பறையிலிருந்து வந்தவர்கள்தான் அந்தப் பாட்டை உலகம் முழுக்கக் கொண்டுபோனார்கள்.

ஹைஃபெட்ஸ் என்றதும் உங்கள் ஐஸ் தண்ணீர். 1917 அக்டோபர் 27, நியூயார்க்கின் கார்னகி ஹால், பதினாறு வயதுப் பையனின் முதல் கச்சேரி. பெட்டி இருக்கையில் எல்மனும் பியானோ கலைஞர் கொடோவ்ஸ்கியும் பக்கத்தில் பக்கத்தில். எல்மன் கழுத்தைத் துடைத்துக்கொண்டு "இங்கே புழுக்கமாக இருக்கிறது, இல்லை?" என்றாராம். "பியானோக்காரர்களுக்கு இல்லை" என்றாராம் கொடோவ்ஸ்கி. நீங்கள் குளிர் என்று கேட்டதை எல்மன் புழுக்கமாக உணர்ந்திருக்கிறார்! ஹைஃபெட்ஸ் வாசிக்கும் படச்சுருள்களைப் பார்த்திருந்தீர்களானால் குளிர் எங்கிருந்து வந்தது என்று ஊகிக்கலாம். முகத்தில் ஓர் அசைவு இருக்காது, மின்கட்டண வரிசையில் நிற்பவர் மாதிரி. அந்த முகம் நம் காதுக்குள் இறங்கிவிடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு இன்னொருமுறை கேளுங்கள். அப்போதும் பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள். நண்பர் பேசாவிட்டால் வீட்டில் கொஞ்சம் அமைதி.

வெப்பம் வேண்டுமென்றால் டேவிட் ஓய்ஸ்ட்ராக்கிடம் போங்கள். 1935இல் வார்சாவில் நடந்த வியனியாவ்ஸ்கி வயலின் போட்டியில் அவருக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு பதினைந்து வயதுப் பிரெஞ்சுப் பெண் ழினெத் நெவ்யூவுக்கு. அவர் 1949இல் விமான விபத்தில் போய்விட்டார், முப்பது வயதில். அவர் வாசித்த சிபேலியஸ் கான்செர்ட்டோவின் ஒலிப்பதிவு கிடைக்கிறது. அதைப்பற்றி எழுத இந்தக் கடிதத்தில் இடம் போதாது. மகளோடு உட்கார்ந்து கேளுங்கள்.

ஓய்ஸ்ட்ராக்குக்காக சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச் எழுதிய முதல் கான்செர்ட்டோ 1948இல் முடிந்தது. அரசின் கண்டனம் அவர்மேல் பாய்ந்திருந்த நேரம். தாள்கள் மேசைக்குள் போயின. 1955 அக்டோபரில்தான், ஸ்டாலின் செத்து இரண்டரை ஆண்டுக்குப் பிறகு, லெனின்கிராடில் மிராவின்ஸ்கி நடத்த அரங்கேறியது. அதன் மூன்றாம் பகுதி முடியும் இடத்தில் ஆர்கெஸ்ட்ரா ஒதுங்கிக்கொள்ள, மிக நீண்ட ஒரு கடென்ஸா. முணுமுணுப்பாகத் தொடங்கி, ஏறி ஏறி, கடைசியில் வில்லின் ரோமம் அறுந்துவிடுமோ என்று பயப்படும் அளவுக்குப் போய், மூச்சுவிடாமல் நான்காம் பகுதிக்குள் விழும். முதலில் எழுதியபடி அங்கேயும் வயலின்தான் உடனே முன்னால் ஓட வேண்டும். ஓய்ஸ்ட்ராக் கும்பிடாத குறையாகக் கேட்டார்: தொடக்கத்தை ஆர்கெஸ்ட்ராவுக்குக் கொடுத்துவிடுங்கள், நான் நெற்றி வியர்வையையாவது துடைத்துக்கொள்கிறேன். ஷோஸ்டகோவிச் உடனே ஒத்துக்கொண்டு மாற்றி எழுதினார்.

எப்படிக் கேட்க வேண்டும் என்று கேட்டீர்கள். ஓய்ஸ்ட்ராக்கின் பதிவில் அந்தக் கடென்ஸாவிலிருந்து தொடங்குங்கள். கடென்ஸா முடிந்ததும் ஆர்கெஸ்ட்ரா தடதடவென்று நுழையும். வயலின் சில நொடிகள் இருக்காது. கைக்குட்டை வெளியே வருவது அப்போதுதான்.

அன்புடன்.