மலிவு விலையில் ஆல்-சீசன் டயர்: எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது?

கேள்வி: என் காரின் நான்கு டயர்களும் தேய்ந்துவிட்டன. தினமும் வேலைக்குப் போய்வருவதும், எப்போதாவது குடும்பத்தோடு நெடுஞ்சாலைப் பயணமும்தான் என் ஓட்டம். மழை நிறைய உண்டு. குளிர்காலத்தில் சில நாள் லேசாகப் பனியும் விழும். கடையில் ஒரே அளவில் நான்கு விதமான ஆல்-சீசன் (எல்லாப் பருவத்துக்குமான) டயர்களைக் காட்டினார்கள். மிக மலிவானதன் விலை, மிக உயர்ந்ததில் பாதிதான். எதை வாங்குவது?

பதில்: உங்கள் ஓட்டத்துக்கு நடுத்தர விலையில் உள்ள டயரே போதும். உச்ச விலைக்குப் போகத் தேவையில்லை. மிக மலிவானதையும் ஒதுக்கிவிடச் சொல்லமாட்டேன். ஆனால் ஈரச் சாலையில் அதன் பிடிப்பு என்ன தரம் என்று தெரிந்துகொள்ளாமல் வாங்காதீர்கள்.

உலர்ந்த சாலையில் நிதானமாக ஓட்டும்போது நல்ல டயருக்கும் சுமாரான டயருக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. மழையில் முன்னால் போகிற வண்டி சட்டென்று நிற்கும்போதுதான் தெரியும். அந்த வித்தியாசம் பெரும்பாலும் ரப்பர் கலவையில் இருக்கிறது. டயரைத் தடவிப் பார்த்தோ பட்டன் (சாலையைத் தொடும் பரப்பில் வெட்டியிருக்கும் பள்ளங்கள்) வடிவத்தைப் பார்த்தோ கலவையைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் தரக்குறியீட்டைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

ஐரோப்பாவில் விற்கும் டயர்களுக்கு ஒரு லேபிள் உண்டு. 2021 மே மாதத்திலிருந்து அதன் புதிய வடிவம் நடப்பில் இருக்கிறது. எரிபொருள் சிக்கனம், ஈரப் பிடிப்பு இரண்டுக்கும் ‘ஏ’ முதல் ‘ஈ’ வரை தரம் போட்டிருப்பார்கள். சத்தத்துக்கு டெசிபல் கணக்கு இருக்கும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போய் ஈரச் சாலையில் முழு பிரேக் பிடித்தால், ஒரு தரத்துக்கும் அடுத்ததற்கும் நிற்கும் தூரம் ஏறக்குறைய 3 முதல் 6 மீட்டர் வரை மாறும். இரண்டு படி இறங்கினால் ஒரு கார் நீளத்துக்கும் மேலே போய்விடும். முடிந்தவரை ‘பி’, கட்டாயமாக ‘சி’. அதற்குக் கீழே போகாதீர்கள் என்பதுதான் என் கருத்து.

அமெரிக்க முறைப்படி தரம் போட்ட டயர் என்றால் பக்கச் சுவரிலேயே ‘டிராக்‌ஷன்’ என்று எழுதி ‘ஏஏ’, ‘ஏ’, ‘பி’, ‘சி’ என்று ஒன்று இருக்கும். அது ஈரத்தில் நேர்கோட்டில் பிரேக் பிடித்துச் சோதித்தது மட்டும்தான். வளைவில் எப்படி, தேங்கிய தண்ணீரில் எப்படி என்றெல்லாம் அது சொல்லாது. இருந்தாலும் ‘ஏ’வுக்குக் குறைவாக எடுக்க வேண்டாம்.

அதன் பக்கத்திலேயே ‘டிரெட்வேர்’ என்று 300, 500, 700 போல ஓர் எண் இருக்கும். டெக்சாஸில் சான் ஆஞ்செலோ நகரை ஒட்டிய சாலைகளில் 7,200 மைல் ஓட்டி, 100 என்று வைத்துக்கொண்ட ஓர் அளவுகோல் டயரோடு ஒப்பிட்டுத் தருகிற எண் அது. 400 என்றால் அளவுகோலைவிட நான்கு மடங்கு மெதுவாகத் தேயும் என்று பொருள். ஆனால் அந்தச் சோதனையில் டயர் முழுதாகத் தேய்ந்துவிடுவதில்லை. மீதியைக் கணக்குப் போட்டு நிறுவனமே எண்ணைத் தீர்மானிக்கிறது. ஆகவே ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட இது நன்றாக உதவும். வேறு வேறு நிறுவனங்களை ஒப்பிடும்போது இதை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். எண் பெரிதாக இருக்கிறது என்பதற்காக மட்டும் வாங்கவும் வேண்டாம். தேயாமல் இருக்கக் கலவையைக் கடினமாக்கினால் ஈரப் பிடிப்பு குறைய வாய்ப்பு உண்டு. இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

விலைக்கு வருவோம். ஒரு டயர் 60, இன்னொன்று 85 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது 35,000 கிலோமீட்டரும் இரண்டாவது 65,000 கிலோமீட்டரும் ஓடினால், ஆயிரம் கிலோமீட்டருக்கு முதலாவதன் செலவு 1.71, இரண்டாவதன் செலவு 1.31. மாட்டும் கூலி, பேலன்ஸிங், அலைன்மென்ட் எல்லாம் மலிவான டயருக்குச் சீக்கிரமே மறுபடி வரும். வருடத்துக்குக் கொஞ்ச தூரமே ஓட்டுகிறவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவருடைய டயர் தேய்வதற்கு முன்பே வயதாகிவிடும். அவர் நீண்ட ஆயுளுக்காக அதிக விலை கொடுப்பதில் அர்த்தமில்லை.

நல்ல டயரைக் குறைந்த விலையில் தேட ஒரு வழி, பெரிய நிறுவனங்களின் இரண்டாம் பெயர்கள். மிஷ்லின் குழுமத்தில் பிஎஃப்குட்ரிச், கிளேபர்; கான்டினென்டலில் செம்பெரிட், பாரம்; பிரிட்ஜ்ஸ்டோனில் ஃபயர்ஸ்டோன்; ஹான்குக்கில் லாஃபென். கூப்பரை 2021-இல் குட்இயர் வாங்கியது. தாய் நிறுவனத்தின் புத்தம்புது தொழில்நுட்பம் இவற்றில் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் பெயரே கேள்விப்படாத, தயாரித்தவர் யாரென்று தெரியாத டயரைவிட இவற்றை நம்பிப் போகலாம். ஏதாவது குறை வந்தால் பதில் சொல்ல ஆள் இருப்பார்கள்.

கேள்வி: என் டயரில் 195/65 ஆர்15 91எச் என்று இருக்கிறது. கடைக்காரர், “88டி ஸ்டாக்கில் இருக்கிறது, அளவு ஒன்றுதான், விலையும் குறைவு” என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 195 என்பது மில்லிமீட்டரில் அகலம், 65 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவர் உயரத்தின் சதவீதம், 15 என்பது அங்குலத்தில் ரிம் அளவு. அதுவரை கடைக்காரர் சொல்வது சரி. கடைசியில் உள்ள 91 தான் பாரக் குறியீடு: ஒரு டயர் 615 கிலோ தாங்கும். 88 என்றால் 560 கிலோ. ஒரு டயருக்கு 55 கிலோ, நான்குக்கும் சேர்த்து 220 கிலோ குறைகிறது. ஆட்களும் பெட்டிகளும் ஏறும் நாளில் டயர் சூடேறி வெடிக்கிற அபாயத்தை நாமே வரவழைத்துக்கொள்ளக் கூடாது. மின்சாரக் கார்களுக்கு இது இன்னும் முக்கியம். பேட்டரியால் அவற்றின் எடை அதிகம்.

எழுத்து, வேக வரம்பு. ‘டி’ (T) மணிக்கு 190 கிலோமீட்டர், ‘எச்’ 210, ‘வி’ 240. அந்த வேகத்தில் நாம் யாரும் போகப்போவதில்லைதான். ஆனாலும் கார்த் தயாரிப்பாளர் சொன்னதற்குக் கீழே இறங்கினால் காரின் கையாளுமை மாறலாம், காப்பீட்டிலும் சிக்கல் வரலாம். அதே சமயம், ‘எச்’ போதும் என்ற இடத்தில் ‘வி’ டயருக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. மிச்சம் பிடிக்க நல்ல இடம் இதுதான்.

கேள்வி: ஒரு டயரில் ‘எம்+எஸ்’ என்று மட்டும் போட்டிருக்கிறது, இன்னொன்றில் மலைப் படமும் பனித்துகளும் இருக்கின்றன. இரண்டும் ஆல்-சீசன் என்றுதான் விற்கிறார்கள். என்ன வித்தியாசம்?

பதில்: பெரிய வித்தியாசம். ‘எம்+எஸ்’ என்பது சேற்றுக்கும் பனிக்கும் ஏற்ற பட்டன் என்று நிறுவனமே போட்டுக்கொள்வது. அதற்குப் பனிச் சோதனை எதுவும் கட்டாயமில்லை. மூன்று சிகரமுள்ள மலைக்குள் பனித்துகள் இருக்கும் சின்னத்தைப் பனியில் இழுவைச் சோதனை செய்து தேறிய டயருக்குத்தான் தருகிறார்கள். லேசான பனியாவது விழும் என்று முதல் கேள்வி கேட்டவர் எழுதியிருந்தாரே, அவர் இந்தச் சின்னத்தைத்தான் தேட வேண்டும். சில இடங்களில் சட்டமே கேட்கிறது: ஜெர்மனியில் 2024 அக்டோபரிலிருந்து பனிக்காலச் சாலைக்கு ‘எம்+எஸ்’ மட்டும் போதாது, கனடாவின் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இந்தச் சின்னமுள்ள டயர் வேண்டும்.

இந்தச் சின்னமும் பனிக்கட்டியில் பிரேக் எப்படி என்று சொல்வதில்லை. மாதக்கணக்கில் உறைபனி கிடக்கிற ஊரில் இருப்பவர் தனிக் குளிர்காலச் செட் வாங்குவதுதான் நல்லது. கோடை டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்கும். குளிர்கால டயர் கடும் வெயிலில் சீக்கிரம் தேயும். ஆல்-சீசன் இரண்டுக்கும் நடுவே நிற்கிற சமரசம். வருடம் முழுக்க வெயிலும் மழையும் மட்டுமே என்றால் பனிக்கான வசதிக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்? ஈரப் பிடிப்பு நன்றாக உள்ள சாதாரண டயரே போதும்.

கேள்வி: இப்போது இரண்டு டயருக்குத்தான் பணம் இருக்கிறது. முன்சக்கர இழுவை வண்டி. புதியதை முன்னால்தானே போட வேண்டும்?

பதில்: பின்னால் போடுங்கள். பலருக்கு இது தலைகீழாகத் தெரியும், ஆனால் காரணம் தெளிவானது. ஈரச் சாலையில் முன் டயர் பிடி விட்டால் வண்டி நேராகப் போகும். வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் மீண்டுவிடலாம். பின் டயர் பிடி விட்டால் வண்டி சுழலும். அதைச் சமாளிப்பது பழகிய ஓட்டுநருக்கே கஷ்டம். எந்தச் சக்கர இழுவையாக இருந்தாலும் இதுதான் விதி. நான்கு சக்கர இழுவை வண்டி என்றால் மட்டும் கையேட்டைப் பாருங்கள். பட்டன் ஆழத்தில் பெரிய வித்தியாசம் இருந்தால் சில வண்டிகளின் கியர் அமைப்பு கெடும்.

முன்னால் போகிற பழைய ஜோடி மொட்டை டயராக இருந்தால் இந்த யோசனையே கூடாது. பல நாடுகளில் சட்டப்படியான குறைந்தபட்ச ஆழம் 1.6 மில்லிமீட்டர். புது டயரில் அது சுமார் 8 இருக்கும். 3-க்குக் கீழே போனாலே தண்ணீரை வெளியேற்றும் திறன் நன்றாகக் குறைந்துவிடும்.

கேள்வி: “பழைய ஸ்டாக், புது டயர்தான்” என்று தள்ளுபடி தருகிறார்கள். நம்பலாமா? செகண்ட் ஹேண்ட் டயர்?

பதில்: பக்கச் சுவரில் ‘டி.ஓ.டி.’ (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஒரு பக்கத்தில் இல்லாவிட்டால் மறுபக்கத்தில் இருக்கும். நிழலில் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்த ஒன்றரை, இரண்டு வயது டயரைத் தள்ளுபடியில் வாங்குவதில் தவறில்லை. நான்கு வயதானதை விட்டுவிடுங்கள். பல கார் நிறுவனங்கள் ஆறு வருடத்தில் மாற்றச் சொல்கின்றன. டயர் நிறுவனங்கள் பத்தை மேல் எல்லையாக வைக்கின்றன. நான்கு வயது டயருக்கு நீங்கள் முழு ஆயுளுக்கான பணத்தைக் கொடுத்துப் பாதி ஆயுளைத்தான் வாங்குகிறீர்கள்.

செகண்ட் ஹேண்ட் வேண்டவே வேண்டாம். காற்றில்லாமல் ஓட்டியதா, பள்ளத்தில் அடிபட்டதா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

கேள்வி: ஒரு நிறுவனம் 80,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகிறது. அதை நம்பிக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாமா?

பதில்: முன்கூட்டியே தேய்ந்தால் பெரும்பாலும் புது டயர் இலவசமாகக் கிடைக்காது, ஓடாத தூரத்துக்கு ஏற்பத் தள்ளுபடிதான் கிடைக்கும். அதற்கும் ரொட்டேஷன் (டயர்களை ஒன்றுக்கொன்று இடம் மாற்றிப் போடுவது) செய்த ரசீது, வாங்கிய பில், நான்கிலும் சீரான தேய்மானம் எல்லாம் கேட்பார்கள். ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறவர் என்றால் பலன் உண்டு. 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ரொட்டேஷன் செய்துவிடுங்கள். உத்தரவாதம் இல்லாத டயருக்கும் அது தேவைதான்.

அப்புறம், காற்று. ஓட்டுநர் பக்கக் கதவின் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுதான் சரி. டயரில் அச்சிட்ட அதிகபட்ச அளவுக்கு அடிக்காதீர்கள். வெப்பநிலை 6 டிகிரி இறங்கினால் சுமார் 1 பி.எஸ்.ஐ. குறையும். ஆகவே குளிர் தொடங்கும்போது ஒரு முறையும், அதற்குப் பிறகு மாதம் ஒரு முறையும், வண்டி ஓடாமல் டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள்.